ஹெப்சிபா வீட்டுக் கறுப்பு வட்டம்

அருப்புக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த ஹெப்சிபாவுக்கு யாரையும் அனுசரித்துப் போகிற குணம் கிடையாது. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அப்பா சாகுமுன் வீட்டை அவள் பேருக்கு எழுதிவைத்ததை அண்ணன் யாக்கோபு மன்னிக்கவே இல்லை. ஆனாலும் மனைவி ஜாய்ஸோடு அதே வீட்டில்தான் இருந்தார்.

தொண்ணூற்று இரண்டில் பயிற்சிக்காக மெட்ராஸ் போனவள், ஓவியக் கண்காட்சி ஒன்றில் சிவப்புச் சதுரத்துக்குள் கறுப்பு வட்டம் போட்ட படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அதில் சாமி இல்லை, மலை இல்லை, மனுஷ முகம் இல்லை. தன்னை முறைத்துப் பார்க்காத படம் என்பதாலேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதன் அச்சுப் பிரதியை அங்கேயே விற்றார்கள். பருத்தியில் செய்த தாள், தலைமுறை கடந்தாலும் மஞ்சளாகாது, மை வெளுக்காது என்றார்கள். சுருட்டி வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

கடைவீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் பால்ச்சாமி, வழக்கம்போல் பசை தடவி அட்டையில் ஒட்டப் போனான். பசை பட்டால் தாள் கெட்டுவிடும் என்று அவனோடு மல்லுக்கு நின்று, ஒட்டாமலே சட்டம் போட வைத்தாள்.

நடுவீட்டுச் சுவரில் படம் ஏறியதும் பகை வெளியே வந்தது. எதிர்வீட்டு நெசவுக்காரி சௌடம்மாள், தங்கள் வாசலைப் பார்த்துச் செய்வினை வைத்திருப்பதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். யாக்கோபோ, அது இந்துக்கள் பூஜையில் வைக்கும் மந்திர எந்திரம் என்றார். சபை ஆட்களைக் கூட்டிவந்து அதன் முன்னால் ஜெபம் பண்ண வைத்தார். ஹெப்சிபா அவர்களுக்கு நடுவே தட்டோடு உட்கார்ந்து, படத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டாள்.

ஒருநாள் டூட்டி முடிந்து வந்தபோது சுவர் வெறுமையாக இருந்தது. கொல்லையில் கண்ணாடிச் சில்லும் கருகிய தாளும் கிடந்தன.

"பிசாசு போயிருச்சு. இனிமே வீடு வெளங்கும்" என்றார் யாக்கோபு.

அவள் சில்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்டாள். "அச்சுத்தானண்ணே. அதே படம் இன்னொண்ணு வரும். ஒங்களுக்குத்தான் வேற வீடு பாக்கணும்."

மெட்ராஸுக்கு எழுதி மறுபடியும் வரவழைத்தாள். இந்தத் தடவை அண்ணனின் அறை வாசலுக்கு நேர் எதிரே மாட்டினாள். ஜாய்ஸ் அழுது கேட்டும் கழற்றவில்லை. கிறிஸ்துமஸ் வருமுன்பே யாக்கோபு சாமான்களை ஏற்றிக்கொண்டு பாலவனத்தத்துக்குக் குடிபோனார்.

சில வருஷம் கழித்து அவர் படுக்கையில் விழுந்தார் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குள் அவள் வீட்டில் முக்கோணமும் கோடுமாக இன்னும் சில படங்கள் ஏறியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக் கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவளும் நகர்ந்து இடம் விடவில்லை.