துவக்கு இல்லாத வீடு

என் மனைவியிடம் நான் சொன்ன பொய்களில் மிகப் பெரியது ஒரு வீட்டைப் பற்றியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவில், மில்லிக்கனில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் இருந்தேன். மேலே வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், தனிக்கட்டை. அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்தாள். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் சேர்ந்திருந்தோம். பிறகு நாலு வருஷம் ரெலிபோனில் குடும்பம் நடத்தினோம்.

ஞாயிறு காலையில் எடுப்பேன். லொட்ஜ்காரர் அவளைக் கூப்பிடப் படியேறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பதே எனக்கு அந்த வாரத்தின் நல்ல நேரம். அவள் என்னிடம் காரோ நகையோ கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இஞ்சாருங்கோ, வீடு சின்னனெண்டாலும் பரவாயில்லை. துவக்கு இல்லாத வீடாப் பாருங்கோ.”

“கனடாவில ஆர் வீட்டில துவக்கு வைச்சிருக்கிறாங்கள்? நீர் பயப்பிடாம வாரும்.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய தகப்பன், என் மாமாவிடம் லைசென்ஸ் உள்ள இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. வன்னியில் வயலுக்கு வரும் பன்றிக்காக வைத்திருந்தார். சண்டைக் காலத்தில் ஒரு பகுதியினர் வந்து கேட்டார்கள், கொடுத்தார். ஏன் கொடுத்தாய் என்று கேட்க மற்றப் பகுதியினர் வந்து அவரையே கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை.

நான் பயப்பிடாமல் வாரும் என்று சொன்ன அதே இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டைக் கள்ளர் உடைத்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்காரர் என்னை மேலே கூப்பிட்டு, குளோசெற்றிலிருந்து மரப்பிடி போட்ட நீளத் துவக்கு ஒன்றை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். ஒரு வருஷமாக நான் அதற்குக் கீழேதான் படுத்திருக்கிறேன்.

அவருக்கு வேண்டியது துவக்கில் ஒரு வெளிச்சம். கள்ளன் வந்தால் ஆளைத் தெரிய வேண்டும் அல்லவா? கடையில் கேட்டாராம். மரத்தில் லைற் பூட்ட இடமில்லை, மரத்தைக் கழற்றிவிட்டு பிளாஸ்ரிக் போடுங்கள் என்றார்களாம். தன் தகப்பன் பிடித்த மரம், அதைக் கழற்றவும் மாட்டேன், துளைக்கவும் விடமாட்டேன் என்றார். நான் பேசாமல் கீழே இறங்கியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே. எங்கள் ஊரில் சைக்கிள் ரியூப்பை வெட்டி ரோச் லைற்றைக் கட்டுவோம் என்று சொல்லிவிட்டேன்.

உண்மையில் ஊரில் நான் எதையும் கட்டியதில்லை. மாமாவுக்குக் கட்டிக்கொடுப்பது அவள்தான். பின்னேரம் ரப்பர் துண்டை இழுத்து, சுற்றி, நுனியைப் பல்லால் கடித்து இறுக்குவாள். புது மாப்பிள்ளையாகப் பக்கத்தில் நின்று நான் பார்த்தது கட்டை அல்ல, அவளுடைய கையை. அன்று வீட்டுக்காரர் தோட்டாக்களை எடுத்துவிட்டு வெறுந்துவக்கைத் தந்தபோது அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டு கட்டினேன். ரப்பர் மணத்தில் அவள்மேல் வந்த ஏக்கத்தில் தேவைக்கு மேலே நாலு சுற்றுச் சுற்றினேன். வீட்டுக்காரர் என் தோளில் தட்டித் தேநீர் தந்தார்.

இரண்டு நாள் கழித்து, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. மாமாவின் துவக்கு நடுவில் மடியும், குழலுக்குக் கீழே கை பிடிக்கிற முன்மரம் அசையாது. இவருடைய துவக்கு வேறு மாதிரி. முன்மரத்தைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளினால்தான் தோட்டா உள்ளே ஏறும். தோட்டாக்களை எடுத்தபோது அவர் அதைச் சடக்கென்று இழுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, ஓட வேண்டிய மரத்தையும் குழலையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிவிட்டிருக்கிறேன்.

சொல்லத்தான் மேலே போனேன். படியில் நின்று யோசித்தேன். வெடிக்காத துவக்கு வெறும் இரும்புத்தடிதானே. அப்படியென்றால் இது துவக்கு இல்லாத வீடு. அவளுக்குச் சொன்னது பொய்யில்லை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது. திரும்பி இறங்கிவிட்டேன்.

வசந்த காலத்தில் அவள் வந்தாள். விமான நிலையத்தில் மெலிந்துபோய், பெரிய ஜக்கற்றுக்குள் நின்றாள். நாலு வருஷம் நினைத்து வைத்திருந்த கதையெல்லாம் மறந்து, “சாப்பிட்டீரோ?” என்று கேட்டேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் எங்களைத் தேநீருக்குக் கூப்பிட்டார். கணவனின் கைவேலையை மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று, நான் மறிப்பதற்குள், அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டார்.

அவள் ரப்பர் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உது நீங்களோ கட்டினது?”

“ஓம்.”

கீழே வந்ததும் நான் முந்திக்கொண்டேன். “அது வெடிக்காது. பிழையாக் கட்டிப்போட்டன். தெரிஞ்சும் விட்டிட்டன், உமக்காகத்தான்.”

“அந்த மனுசனுக்குத் தெரியுமோ?”

“இல்லை.”

“அப்ப அவர் உதை நம்பியெல்லோ படுக்கிறார்,” என்றாள். “வாங்கோ, சொல்லுவம்.”

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுக்காரர் மரத்தை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. முகம் சிவந்தது. தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என் கட்டை அவிழ்த்தாள். குழலை விட்டு, ஓடுகிற மரத்தோடு மட்டும் ரோச் லைற்றைச் சேர்த்துச் சுற்றினாள். நுனியைப் பல்லால் கடித்து இறுக்கினாள். நாலு வருஷம் நான் ஏங்கிய கை. அது தொடக்கூடாது என்று அவள் நினைத்த ஒன்றின்மேல் இருந்தது. இருக்க வைத்தவன் நான்.

வீட்டுக்காரர் மரத்தை இழுத்தார். சடக்கென்று ஓடியது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவள் கண்ணை மூடினாள். எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கை கழுவினாள்.

படியிறங்கும்போது, “இனி வேற வீடு பாருங்கோ,” என்றாள்.

பார்க்டேலில் ஓர் அறை கிடைக்க ஒரு மாதமானது. அதுவரை ஒரே கட்டிலில் படுத்தோம், அவள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்தாள். கடலுக்கு அப்பால் இருந்தபோதுகூட அவள் எனக்கு அவ்வளவு தூரமாக இருந்ததில்லை. புது அறைக்குப் போன அன்று சாமான்களை இறக்க முன்னமே ஒவ்வொரு அலுமாரியாகத் திறந்து பார்த்தாள், கட்டிலுக்குக் கீழேயும் குனிந்து பார்த்தாள். பிறகுதான் வந்து என் கையைப் பிடித்தாள்.