ஒன்பது எண்ணும் வரை

என் மகள் பதுளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். லீவு நாட்களில் மல்யுத்தம் செய்கிறாள். பள்ளிக்கூடத்தில் சக ஆசிரியைகள் கேட்டால் "ஜிம்முக்குப் போறா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

தொலைக்காட்சியில் வருகிற வகை மல்யுத்தம்தான். பதுளையிலும் பண்டாரவளையிலும் இருக்கிற சில பையன்களும் நான்கு பெண்பிள்ளைகளும், சிங்களமும் தமிழுமாகக் கலந்து, தாங்களே நடத்துகிறார்கள். பின்னால் கம்பெனி எதுவும் கிடையாது. லொறிக்குக் கூடு கட்டுகிற பட்டறையில் மேடை செய்திருக்கிறார்கள். இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய ஸ்பொஞ்ச், அதற்கு மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். ஒருமுறை நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். பலகை உடனே தட்டுப்பட்டது.

நாங்கள் குடும்பத்தோடு பார்க்கப் போவதாக இருந்த போட்டிக்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தவள், அப்பா தேயிலை பெக்டரிக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு என்னை அடுப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பாதியில எந்திரிச்சு ஓடி வந்துருவீங்கன்னு பயமா இருக்கும்மா. அதனால உங்களுக்கு மட்டும் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாது. வீட்டுக்காரங்களுக்கும் சொல்லக்கூடாதுன்னுதான் எங்க ரூல்."

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்களாம். நான் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனாலும் அவள் வாயால் கேட்டபோது ஒரு மாதிரி இருந்தது.

"பைனல்ல என்னைய வெளிய தள்ளுவா. கீழ மெத்தை போட்டிருக்கும். கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். ரெபரி பத்து எண்ணுறதுக்குள்ள உள்ள போகலைன்னா தோல்வி. நான் ஒன்பதுல போயிருவேன். போயி ஜெயிச்சிருவேன்."

"நெசமாவே அடிபட்டுட்டா?"

"ரெபரி ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்க வச்சுக் காட்டுவாரு. அதப் பாத்தா வாங்க. இல்லாட்டி அசையக்கூடாது."

"அப்பாகிட்டயாவது சொல்றேனே."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா பெரியப்பாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா லயம் பூரா தெரியும். அப்புறம் எதுக்கு வேன் புடிச்சு வரணும், பேசாம தோட்டத்துலயே கதையக் கேட்டுட்டுப் படுத்துக்கலாம்."

பெரியப்பா என்று அவள் சொன்னது என் கணவரின் அண்ணனை. நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். நமுனுகுல மலைக்குக் கீழே, லயம் என்கிற வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருக்கிற தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதத்துக் காமன் கூத்தை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். சிவன் எரித்ததும் காமன் வேஷக்காரர் தரையில் விழுவார். பல வருடங்களில் அவர் உண்மையிலேயே மயங்கிவிடுவதும் உண்டு. அப்போது முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, திருநீறு பூசி, காதருகே பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவது மாமாவின் பொறுப்பு. எழுப்ப ஆள் நிற்காமல் கூத்தில் யாரையும் விழ விடமாட்டார்கள்.

போட்டிக்கு வேனில் பன்னிரண்டு பேர் போனோம். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அவருடைய மனைவி, என் அக்கா முறை, வழி முழுக்க முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே வந்தார். மண்டபத்தில் இடத்துக்கு அடிபிடி. எங்களுக்கு இரண்டாவது வரிசை கிடைத்தது.

என் மகளுக்குக் கெட்டவள் வேஷம். தோட்டத்துப் பிள்ளை என்பதால் கொழுந்துக் கூடையோடு மேடைக்கு வரச் சொன்னார்களாம், முடியாது என்று சொல்லிவிட்டாள். கறுப்புச் சட்டையில் வந்து, கூட்டத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மண்டபமே 'ஹூ' என்று ஊளையிட்டது. எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் "அவளத் தூக்கி வெளிய போடு" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் மடியில் ஒரு குழந்தை இருந்தது.

"ஒம் மகதான் ரவுடியாம்" என்றார் கணவர். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதல் சுற்றில் நடுவர் பார்க்காத நேரம் எதிராளியின் முடியைப் பிடித்து இழுத்து ஜெயித்தாள்.

"நம்ம புள்ள முடியவுல்ல இழுக்குது" என்றார் அக்கா. "பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தானா?"

"இல்லக்கா. அப்ப ரொம்பப் பயந்த புள்ள."

"அப்ப வளத்தது நீயில்ல, மருந்துக் கடைக்காரன்."

இறுதிச் சுற்றில் எதிரே வந்தது ஒரு சிங்களப் பிள்ளை, என் மகளைவிட ஒரு சாண் உயரம். கெட்டவளாக வந்தவளைக் கடைசியில் கூட்டத்துக்குப் பிடிக்க வைப்பதுதான் அன்றைய ஏற்பாடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பிள்ளை தள்ளியதும் என் மகள் கயிற்றைத் தாண்டி வெளியே விழுந்தாள். உடம்பு மெத்தையில் விழுந்தது. இடது கை மெத்தைக்கு வெளியே சீமெந்துத் தரையில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. சொன்னபடியே கண்ணை மூடிக் கிடந்தாள்.

நடுவர் சிங்களத்தில் எண்ணத் தொடங்கினார். எக்க. தெக்க. எங்கள் பக்கத்தில் தமிழில் சேர்ந்து எண்ணினார்கள். நான் நடுவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமா எழுந்துவிட்டார். முன் வரிசையில் யாரோ வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். அவர் பின்னால் என் கணவர், அக்கா, வேனில் வந்த மற்றப் பெண்கள்.

நான் நடைபாதையில் குறுக்கே போய் நின்றேன்.

"வழிய விடும்மா. புள்ள மயங்கிக் கெடக்கு."

"வேணாம் மாமா."

"தண்ணி தெளிச்சுக் கூப்புடாம எப்பிடி எந்திரிக்கும்?"

"எந்திரிப்பா."

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

மாமா இந்தப் பக்கம் நகர்ந்தால் நானும் இந்தப் பக்கம் நகர்ந்தேன்.

"பெத்தவ மாதிரியா நிக்கிற?" என்றார் கணவர். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

அவர்களைத் தடுப்பதற்காக அவர்கள் பக்கம் பார்த்து நின்றதில் மேடை என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. நடுவர் கையைக் குறுக்கே வைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. திரும்பினால் மாமா போய்விடுவார். எண்ணிக்கை மட்டும் காதில் விழுந்தது. ஆறு. ஏழு. அந்தக் கை தரையில் பட்ட சத்தம் நடிப்பில் சேர்த்தியா என்று யோசித்தேன். எட்டு. அக்கா அழத் தொடங்கியிருந்தார். நான் மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மேடையில் நடப்பதை அறிய எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

ஒன்பது என்றதும் அவர் வாய் திறந்தது. மண்டபம் எழுந்து நின்றது. அதுவரை ஊளையிட்டவர்கள் கைதட்டினார்கள். நான் திரும்பியபோது அவள் கயிற்றுக்கு உள்ளே இருந்தாள். சற்று நேரத்தில் ஜெயித்தும்விட்டாள். கோப்பையை வலது கையால் மட்டும் தூக்கினாள்.

உடை மாற்றுகிற அறைக்குப் போனபோது அந்தச் சிங்களப் பிள்ளை என் மகளின் இடது கைக்கு ஐஸ் பிடித்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, நான் இறங்கி வந்து கேட்டது" என்றாள் தெரிந்த தமிழில். "நான் கை பிடிச்சா, இவ திருப்பி அமுக்கணும். அமுக்கினா ஓகே. இவ அமுக்கினது."

"நல்ல கையால அமுக்குனேன்" என்றாள் என் மகள்.

எலும்பில் வெடிப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாவுக்கட்டுப் போட்டு அனுப்ப, மகளும் எங்களோடு வீட்டுக்கு வந்தாள். வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. அக்கா மிச்சமிருந்த முறுக்கை எனக்கு நீட்டவும் இல்லை. அடுத்த நாள் லயத்தில் குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். என் கணவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கை ஒடஞ்சு கெடந்த புள்ளகிட்ட போகவிடாம ஏன் தடுத்த?"

வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் இதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட உட்கார்ந்த மகள்தான் பொறுக்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "அப்ப அந்தப் புள்ளைய நீ ஜெயிக்கலயா?"

"ஜெயிச்சேன்ப்பா. ஜெயிக்கிறதாதான் இருந்திச்சு."

"பெக்டரி பூரா சொல்லிட்டேனே."

"சொன்னது சரிதானே. கோப்பை இங்கதான இருக்கு."

எழுந்து போய்க் கோப்பையை எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு, "இத அண்ணன்கிட்ட சொல்லிராதீங்க" என்றார். இப்போது அவரும் வெளியில் யாருக்கும் சொல்வதில்லை. என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. இரண்டாம் வகுப்பில் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று சத்தமாகச் சொல்லும்போது ஏழு தாண்டியதும் கரும்பலகையிலிருந்து திரும்பிப் பார்த்துவிடுகிறேன். ஒன்பதில் அவள் எழுந்தது என்னைத் தேற்றவில்லை. முறிந்த கையோடும் ஒன்பதில் எழுந்துவிடுவாள் என்பது இப்போது எனக்குத் தெரியும். அவளாகச் சொல்லாவிட்டால் நடுவருக்கும் எதுவும் தெரியாது.

கட்டு அவிழ்த்த அன்று பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"அடிபட்டிருக்குன்னு ரெபரிகிட்ட ஏன் சொல்லல?"

"மொத தடவ ஜெயிக்கிற நாள்ல எப்பிடிம்மா சொல்றது?"

"இனிமே சொல்லுவியா?"

அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"அடுத்த தடவ நான் யாரையும் தடுக்க மாட்டேன்" என்றேன். "பெரியப்பா வந்தா வரட்டும். நானும் வருவேன்."

திரும்பி என்னைப் பார்த்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

"சரி," என்றாள், "அப்ப நான் ஏழுலயே எந்திரிச்சிர்றேன்."