வாழைச்சேனைக் களப்பில் சப்பாத்துப் போட்ட தோணிக்காரர்

தீமை என்றால் என்ன என்று வகுப்பில் முப்பது பாடம் நடத்துவேன். மெய்யியல் ஆசிரியை அல்லவா! ஆனால் என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று மட்டும் எனக்குத் தெரியாது. போர்க்காலத்தில் ஒரு சுற்றிவளைப்பு. தலையில் சாக்குப் போட்ட ஒருவன், வரிசையில் நின்ற அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினான். இப்படிக் காட்டிக்கொடுப்பவர்களைத் தலையாட்டி என்போம். அண்ணன் திரும்பி வரவில்லை.

அதைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் கதையாக எழுதினேன். தலையாட்டியின் வலது காலில் சுண்டுவிரல் இல்லை என்று கதை முடியும். இப்போது அது புத்தகமாக வரவிருந்த நேரத்தில், அப்படியொரு தோணிக்காரர் வாழைச்சேனையில் இருப்பதாக ஒருவர் சொன்னார். ஆள் அவர்தான் என்றால் பெயரையும் போட்டுவிடுவது என்ற முடிவோடு போன மாசியில் புறப்பட்டேன்.

மட்டக்களப்பிலிருந்து காலை 5.45 பஸ். முப்பத்திரண்டு கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம், 170 ரூபாய். அங்கிருந்து ஆட்டோவுக்கு 300, முன்னமே பேசிக்கொள்ளுங்கள். தோணிக்காரரின் பெயரைச் சொன்னதும் ஓட்டமாவடி ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"நீங்களும் அவருட காலப் பாக்கவா வந்த?"

ஊருக்கே தெரியும் போலிருக்கிறது.

தோணிக்கு ஒன்றரை மணித்தியாலம் 2,000 ரூபாய். தோணிக்காரர் நல்லதம்பி அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். துறையில் எல்லாரும் வெறுங்கால். இவர் மட்டும் கறுத்த சப்பாத்து. சேற்றில் இறங்கித் தோணியைத் தள்ளும்போதும் கழற்றவில்லை. மடியில் கனமில்லாத ஆள் இப்படியா போடுவார்? அவர் சிரித்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, கரையோரச் சேற்றில் நின்ற கண்டல் மரங்களுக்குச் சொன்ன பெயர்களையும் நம்பவில்லை.

நடுக்களப்பில் கேட்டேவிட்டேன். "அண்ணன், சப்பாத்தக் கழட்ட மாட்டீங்களா?"

துடுப்பை வைத்துவிட்டுக் கழற்றினார். வலது காலில் சுண்டுவிரல் இல்லை.

அவர் பொலித்தீனில் சுற்றிய ஒரு கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். தோணியிலேயே வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குக் காட்ட! விரலை வெட்டிய திகதி அதில் இருந்தது. போர் முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு.

"திருக்கை முள்ளுக் குத்திப் பழுதாப்போச்சி, வெட்டிட்டாங்க. மறுகா ஆரோ ஒரு பொம்புள கதை எழுதினாவாம். அதுக்குப் புறகு ஊரே என்ர காலத்தான் பாக்குது. மகளுக்குப் பேசின கலியாணமும் நிண்டுபோச்சி."

சுற்றிவளைப்பு நடந்த அன்று நான் அம்மாவின் பின்னால் ஒளிந்து நின்றேன். கண்டது சாக்கை மட்டும்தான். முடிவு சப்பென்று இருக்கிறதே என்று கதை எழுதும்போது அந்த விரலை வெட்டியது நான். பிறகு சொல்லிச் சொல்லி, கண்டதாகவே நம்பிவிட்டேன். வெட்கத்தில் செத்துப்போனேன்.

"அந்தப் பொம்புள நான்தான், அண்ணன்."

அவர் ஏசவில்லை. "அப்ப நீங்களே எழுதுங்க, அவன் நானில்லையெண்டு" என்றார். சப்பாத்தை மறுபடி மாட்டினார். "நீங்க எழுதுமட்டும் இது காலில கிடக்கட்டும்."

தீமையைப் பற்றி எழுதுகிறேன் என்று, பன்னிரண்டு வருடமாக நானும் ஒருவரைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன்.

போகிறவர்கள் ஏழரைக்கு முன் துறையில் நில்லுங்கள். பிறகு வெயில் தாங்காது. தொப்பி, தண்ணீர் அவசியம். நல்லதம்பி அண்ணனையே கேளுங்கள், நிதானமாகத் தோணி விடுவார். என் பழைய கதையைப் படித்தவர்களுக்கு ஒன்று: அந்த விரல் நான் இட்டுக்கட்டியது. அதை யாரிடமாவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அவர்களிடம் போய் இதையும் சொல்லிவிடுங்கள்.