நெற்றியைப் பார்த்து எழுதியவள்

மலேசியாவில், ரெம்பாவிலிருந்து சுங்கை காடுட் போகும் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்காருவாள். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் மூலை உடைந்த லேப்டாப். மழை அளவுகளை ஆராயும் மென்பொருள் ஒன்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். உலகத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாமாம். இதை எழுத இவளுக்கும் சம்பளம் கிடையாது.

வழியில் செம்பனைத் தோட்டம் தொடங்கியதும் லேப்டாப்பை என் பக்கம் திருப்புவாள். நான் படிக்கும்போது திரையைப் பார்க்கமாட்டாள். என் நெற்றியையே பார்ப்பாள்.

ஒருநாள், “புரியுதும்மா” என்றேன்.

“சும்மா சொல்லாதீங்க லா, அண்ணே. மூணாவது வரியில நெத்தி சுருங்கிருச்சு.”

“எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாது, அதான்.”

“இல்லண்ணே, நான் எழுதுனதுதான் சரியில்ல. எங்கயோ ஒரு ஆளு தனியா உக்காந்து இதப் படிப்பாரு. பக்கத்துல கேக்க அவருக்கு யாரு இருக்கா?”

சொல்லிக்கொண்டே அந்த வரியை அழித்தாள்.

பிறகு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டாள். நம்பர் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸில் இணையத்தில் அவள் எழுதிய குறிப்பைக் கைப்பேசியில் அடிக்கடி திறக்கிறேன். மூன்றாவது வரி இப்போது நன்றாகவே புரிகிறது. ஆனாலும் அங்கே வந்ததும், வேண்டுமென்றே நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கிறேன்.