தங்கை கணவர் முதுகுக்கு நேராகத் தூக்கிய கால்

கால் முன்னே வரப் பிறந்தவன் மிதித்தால் முதுகுச் சுளுக்கு போய்விடும் என்பது எங்கள் பாகூர்ப் பக்கத்து நம்பிக்கை. நான் அப்படிப் பிறந்தவன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்திருந்தும் பல முதுகுகளை மிதித்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் ஆட்சியின்போது, ஒரு கரும்பு வெட்டுக் காலத்தில், என் தங்கை கணவர் பாரவண்டியின் மேலிருந்து விழுந்தார். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவரைப் பலகையில் கிடத்தி, பிரெஞ்சில் ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். முதல் வரியைப் படித்தேன். எலும்பில் சிறு விரிசல்தான் என்றிருந்தது.

“அப்ப ஒரு மிதி மிதிங்க மச்சான், கரும்பு வெட்டு நிக்குது” என்றார் அவர். அவரைக் குப்புறத் திருப்பிவிட்டுக் காலைத் தூக்கினேன்.

“கீழ நெறய எழுதிக்கிதே, அது இன்னாண்ணா? படிச்சிட்டு மிதி” என்றாள் தங்கை.

எரிச்சலோடு படித்தேன். முதுகெலும்புகளைப் பிணைக்கும் தசைநார் அறுந்திருக்கிறது, விரல் வைத்தால் எலும்புகளுக்கு நடுவே பள்ளம் தெரிகிறது, அசைத்தால் கால்கள் செயலற்று விழுந்துவிடும் என்று எழுதியிருந்தார் மருத்துவர். என் கால் தானாகக் கீழே இறங்கியது.

நான் திருப்பியதில் நல்லவேளையாக ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மூன்று மாதம் பலகையிலேயே கிடந்தவர், பிறகு நடந்தே கரும்புக்குப் போனார். நான் காலைத் தூக்கியதை மருத்துவரிடம் மறைத்துவிட்டேன், இன்றுதான் சொல்கிறேன். அதன்பின் யார் முதுகையும் மிதித்ததில்லை. யாராவது விழுந்து, எலும்பு உடையவில்லை என்று சொன்னால், தசைநாரையும் பார்த்தார்களா என்று கேட்காமல் எழுந்து உட்கார விடுவதில்லை.