இஸ்மத்தின் இடது கண்

ஊசியில் நூல் கோப்பதில் இஸ்மத்தை மிஞ்சக் கோட்டைமேட்டில் ஆளில்லை. சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பாள். நூலை எடுத்தால் ஒரே முறையில் காதுக்குள் போய்விடும். கோக்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வாள். அது கைதேர்ந்தவர்களின் பாணி என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் நினைத்தார்கள். பாணியுமில்லை, ஒன்றுமில்லை. மூடாவிட்டால் அந்தக் கண் எல்லாவற்றையும் கலங்கலாக்கிக் குழப்பிவிடும், அவ்வளவுதான்.

எட்டு வயதில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். "ஆறு வயசுக்குள்ள கொண்டாந்திருந்தா சரி பண்ணியிருக்கலாமுங்க" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அன்றோடு வீட்டில் அந்தப் பேச்சுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. பெண் பார்க்க வந்தவர்களிடம் யாரும் மூச்சுவிடவில்லை. கட்டிக்கொண்ட அப்துல் நாசர் உக்கடத்தில் பட்டறை வைத்து மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுகிறவன். தங்கமான மனுஷன். முதல் வாரமே அவனிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. முதல் வருஷமும் போன பிறகு எந்த முகத்தோடு சொல்வது? அப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஏப்ரலில், ஐந்தரை வயது மகள் இல்மா டிவிப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தாள். இஸ்மத் அவளைப் பின்னால் இழுத்து இழுத்து உட்கார வைத்தாள். தன் கண் பிள்ளைக்கும் வந்துவிட்டதோ? வந்திருந்தால் ஆறு வயதுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது.

"எல்லாப் புள்ளைகளும் டிவிக்குள்ள தலைய உட்டுத்தான் பாக்கும். நீ எதுக்கு இப்படிப் பதர்றே?" என்றான் நாசர்.

எதற்கென்று சொல்ல முடியாதவள் சண்டையை ஆரம்பித்தாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நாசர் பட்டறையைத் திறக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன்ஹால் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூடவே வந்தான்.

சீட்டு எழுதிய பெண், "குடும்பத்துல யாருக்காச்சும் கண்ணுல கோளாறு இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் யாருக்குமில்லீங்க" என்று நாசர் முந்திக்கொண்டான். இஸ்மத் துப்பட்டியின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

பார்வை சோதிக்கிறவர் பெயர் பாலகோபால். திரைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை; சுவரில் தமிழ் எழுத்துப் பலகை. மேலே பெரிதாக ஒரே ஓர் எழுத்து. கீழே போகப் போக வரிசை நீளும், எழுத்து சிறுக்கும்.

"அம்மாமாரெல்லாம் வெளிய இருங்க. உள்ள உட்டா புள்ளைக்குச் சொல்லிக் குடுத்துப்போடறீங்க" என்றார். அதில் நியாயம் இருந்தது. இஸ்மத்தை உள்ளே விட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லிக் கொடுத்திருப்பாள்.

"எழுத்தெல்லாம் தெரியுமா, அம்மணி?"

"தெரியுமே! அம்மா சிலேட்டுல சொல்லிக் குடுத்துட்டாங்க."

பிள்ளையின் ஒரு கண்ணை அட்டையால் மறைத்துவிட்டு, ஒவ்வொரு வரிசையாகப் படிக்கச் சொன்னார். தினமும் பார்க்கிற பலகை. அவருக்கு அது மனப்பாடம். காதை மட்டும் கொடுத்துக்கொண்டு சீட்டில் குறித்தார். திரைக்கு வெளியே இல்மாவின் குரல் கணீரென்று கேட்டது. தடங்கலே இல்லை. இஸ்மத்துக்கு மெல்ல நம்பிக்கை வந்தது.

பாலகோபால் வெளியே வந்தார். "முதல் எழுத்தச் சரியாச் சொல்றாங்க. அதுக்குக் கீழ எல்லாந் தப்புங்க. நடுவுல ஒண்ணு ரெண்டு மட்டும் குருட்டாம்போக்குல சரியா வருது. ரெண்டு கண்ணுலயும் அப்படித்தான். டாக்டரம்மா பாத்துச் சொல்லுவாங்க, உக்காருங்க."

குருட்டாம்போக்கு. அவர் வாய்ப்பேச்சாகச் சொன்னதுதான், இஸ்மத்துக்கு நெஞ்சில் குத்தியது. தனக்காவது ஒரு கண் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டும் போய்விட்டதே! "ரெண்டு கண்ணுமா?" என்று நாசர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். எப்போதும் கேலி பேசுகிறவன் முகம் செத்துப்போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்த இஸ்மத்துக்கு அழுகைகூட வரவில்லை. எல்லாம் தன்னால்தான், இந்த மனுஷனை ஏமாற்றியதற்கு அல்லா பிள்ளையிடம் கணக்குக் கேட்கிறான் என்று அவள் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, துந்ருமன்னா என்னம்மா?" என்றாள் இல்மா.

"சும்மா இரு கண்ணு."

"துந்ரும. அங்க எழுதியிருக்குது பாருங்க."

கூடத்தின் மறுகோடியில் ஒரு சன்னல். அதற்கு மேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. இஸ்மத் நல்ல கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். 'மருந்து' என்று எழுதியிருந்தது.

இல்மா விரலை நீட்டிக் காற்றில் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "து... ந்... ரு... ம." விரல் வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கம் நகர்ந்தது.

இஸ்மத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளை இன்னும் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்கவில்லை. ஜூனில்தான் சேர்க்க வேண்டும். தினமும் காலையில் போவதெல்லாம் ஆமினா பீவி வீட்டுக்கு, அரபி ஓதுவதற்கு. சிலேட்டில் அம்மா எழுதிக் கொடுத்தவை ஒற்றை ஒற்றைத் தமிழ் எழுத்துகள். வரிசையாகப் படிக்க அவள் பழகியது ஓதுகிற புத்தகத்தில் மட்டும்தான். அதில் வரிசை வலப்பக்கம்தானே ஆரம்பிக்கும்!

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இஸ்மத் திரையைத் தள்ளி உள்ளே பாய்ந்தாள்.

"ஏனுங்கம்மா, இப்படியெல்லாம் உள்ள வரக்கூடாதுங்க" என்று பாலகோபால் பதறினார்.

"எம்புள்ள தப்பாப் படிக்கலீங்க! அரபி ஓதறவளுங்க, அந்தக் கடைசியிலிருந்து படிச்சிருக்கறா!"

அவர் பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். இந்த முறை வரிசையைக் காட்டவில்லை. எழுத்து எழுத்தாகத் தொட்டார். இல்மா மளமளவென்று சொன்னாள். அடிவரிசையின் பொடி எழுத்துவரை ஒன்றுகூடத் தப்பவில்லை. அடுத்த கண்ணிலும் அப்படியே.

"நாந்தான் தப்பாப் படிச்சுப்போட்டேன், அம்மணி" என்று சொல்லிச் சீட்டில் எழுதியதை அடித்தார்.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, சாவகாசமாகப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் நல்லா இருக்குதுங்க. டிவி கிட்டப் போறதெல்லாம் வெறும் குசும்பு" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் இஸ்மத். மூன்று நாளாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. அதோடு ஏழு வருஷத்துப் பூட்டும் கழன்று விழுந்தது. யாரும் கேட்காமலே சொன்னாள்: "எனக்கு எடது கண்ணு சரியாத் தெரியாதுங்க, டாக்டரம்மா. சின்ன வயசுலிருந்தே."

"அப்படியா? நல்ல வேளை சொன்னீங்க. பாப்பாவ வருஷம் ஒருக்கா கூட்டிட்டு வந்து காட்டுங்க" என்று அவர் சீட்டில் எழுதிக்கொண்டார்.

நாசர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னால் படியிறங்கினான். இஸ்மத் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாக வந்தாள். ரோட்டோரம் வந்ததும் நாசர் திரும்பினான்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"அப்ப, பொண்ணு பாக்க வந்தன்னைக்கு என்னைய ஒத்தக் கண்ணுலதான் பாத்தியாக்கும்?"

"ஆமாங்க."

"அதான் சரின்னு சொல்லிப்போட்டே."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். டவுன்ஹால் கூட்டம் வேடிக்கை பார்ப்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. சொட்டு மருந்தில் கண் கூசிய இல்மா அத்தாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். நாசர் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு இஸ்மத்தைச் சுற்றி வந்து அவளுடைய இடப்பக்கம் நின்றான். இரண்டு பக்கமும் டவுன் பஸ்கள் சீறிக்கொண்டு வந்தன.

"நீ அந்தப் பக்கத்து வண்டியப் பாத்துக்க" என்றான். "இந்தப் பக்கத்த நான் பாத்துக்கறேன்."