ரிப்பன் கட்டிய ஜீப்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கச்சிராயபாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டவுன் பஸ் கண்டக்டரிலிருந்து ரேஷன் கடைக்காரர் வரை நான் சண்டை போடாத ஆள் இல்லை. சண்டை போட்டே ஆகவேண்டிய ஒரு நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் என் வாயில் கொழுக்கட்டை.

அப்போது இங்கே ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். கல்வராயன் மலை ஊர்களுக்கு ஏறிப்போய்க் குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதித் தருவது, கர்ப்பிணிகளைச் செக்கப்புக்குக் கூட்டிவருவது எல்லாம் எங்கள் வேலை. நிறுவனத்தை ஆரம்பித்தவர் ரிட்டயரான வாத்தியார். தன் கரும்புக் கொல்லையை விற்று ஆரம்பித்தவர். நாங்கள் ஐயா என்போம்.

மலைமேல் ஒரு ஊருக்குத் தார் ரோடு கிடையாது. ஆம்புலன்ஸ் தார் ரோடு முடியும் இடம்வரைதான் வரமுடியும். வலி எடுத்த பெண்ணை மூங்கிலில் தூளி கட்டி, நாலு ஆம்பிளைகள் தோள்மாற்றித் தோள்மாற்றி அதுவரை தூக்கிவருவார்கள். அந்த ஊருக்காக ஒரு ஜீப் கேட்டு நாங்கள் எழுதாத கடிதம் இல்லை. கடைசியில் சென்னையில் ஒரு பெரிய மனிதர் வாங்கிக் கொடுத்தார். வண்டி வந்து நின்ற மறுநாளே மலையேறிப் போய் வீடு வீடாகச் சொன்னேன். "இனிமே தூளி வேணாம். வலி எடுத்தா ஒரு போன் அடிங்க, போதும்."

சொன்னது நான்தான். அதை மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கொடுத்தவர் வந்து தன் கையால் கொடுக்கும்வரை எந்தப் பொருளையும் புழங்கமாட்டோம். தையல் மெஷின்கள் ஒரு மாதம் துணி மூடிக் கிடந்திருக்கின்றன. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம்கூடக் கட்டுப் பிரிக்காமல் கிடந்திருக்கிறது. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை, மரியாதை என்றே நினைத்தோம். ஜீப்புக்கும் அதேதான். முகப்பில் சிவப்பு ரிப்பன் கட்டி, ஷெட்டில் நிறுத்தி, சாவியை பீரோவில் பூட்டினோம். பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. ஜீப் கொடுத்த சென்னைப் பெரியவரின் வருகை இரண்டு முறை தள்ளிப்போனது. டிரைவர் தினமும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெரியவர் வருவதற்கு முந்தின நாள், காலை பதினோரு மணி இருக்கும். மலையிலிருந்து போன். தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த ஒருத்தியின் புருஷன். சிக்னலுக்காகப் பாறைமேல் ஏறி நின்று கத்தினான்.

"அக்கா, வலி வந்துடுச்சிக்கா. வண்டிய அனுப்புங்கக்கா."

ஐயாவிடம் ஓடினேன். அவர் தோரணம் கட்டுகிற ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கி அவரு வராரும்மா. சேத்துல இறங்கி எங்கனா இடிச்சிக்கினு வந்தா இன்னா சொல்றது? கோச்சிக்கினாருன்னா டீசலுக்கும் டிரைவருக்கும் எங்க போறது? இந்த ஒரு தடவ தூளியிலயே கொண்டாரச் சொல்லும்மா. வழக்கமா வரவங்கதானே."

டிரைவர் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "இன்னாக்கா, எடுக்கட்டா?"

சாவி என் இடுப்பில். ஒரு வார்த்தை போதும். பாழாய்ப்போன வாய், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. போனை எடுத்து, பெரியவர் வந்து கொடுத்தால்தான் வண்டி எடுக்க முடியும் என்று சொல்லி, தூளி கட்டச் சொன்னேன். ஆம்புலன்ஸைத் தார் ரோட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்தேன்.

தாய் பிழைத்தாள். பிள்ளை அழவே இல்லை. பாதி வழியிலேயே போயிருக்கும் என்றார்கள்.

மறுநாள் பெரியவர் வந்தார். கத்தரிக்கோல் தட்டை நான்தான் பிடித்தேன். அந்த போட்டோ இன்றைக்கும் ஆபீஸ் சுவரில் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறோம், நானும்தான். அதைக் கழற்றிவிடலாம் என்று ஐயா பலமுறை சொல்லிவிட்டார். நான் விடவில்லை. அவர் கெட்டவர் இல்லை. நானும் கெட்டவள் இல்லை.

விழா முடிந்து பெரியவரின் கார் போனதும், ஐயா ஜீப்பின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. சாயங்காலம் தானே சுத்தியலை எடுத்து வாசல் நிலையில் ஓர் ஆணி அடித்தார். சாவி இனி அதில்தான் தொங்க வேண்டும், யாரையும் கேட்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார். அன்றிலிருந்து எந்தப் பொருளும் எங்களிடம் ரிப்பனுக்குக் காத்திருந்ததில்லை. கொடுத்தவர்களில் ஒன்றிரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும். ஜீப் இப்போது சேறும் கீறலுமாக ஓடுகிறது. எங்களைப் போன்றவர்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தச் சேற்றைக் காட்டுவேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மதியம் மறுபடியும் போன். இந்தத் தடவை, அன்றைக்குத் தூளியில் வந்த அவளே பேசினாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, வலி எடுத்துக்கினுது. வண்டிய எடுக்கலாங்களா? இல்ல, யாருனா வரணுங்களா?"

குத்திக்காட்டவில்லை அவள். நிஜமாகவே கேட்டாள். யாராவது பெரியவர் வந்தால்தான் வண்டி எடுப்போம், எங்கள் நடைமுறை அப்படித்தான் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"யாரும் வர வேணாம்டி. நான் வரேன்" என்று கத்திவிட்டு ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன். வழி முழுக்க டிரைவரை ஏசிக்கொண்டே போனேன்.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வராந்தா வரைக்கும் கேட்கும்படி அழுதது. நானும் அங்கேயே நின்று அழுதேன், வெட்கமே இல்லாமல். உள்ளே போனபோது அவள் குழந்தையின் முகத்தில் மூடியிருந்த துணியை விலக்கி, என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"போட்டோ எடுத்துக்குங்கக்கா. உங்க ஆபீசுக்கு வேணும்ல?"

நான் எடுக்கவில்லை.